மேட்டுக்கு ஒன்றரை

மீட்டர் நின்று பதினோரு வருடம்.
முள் இருபதில் படுத்துக்கொண்டது,
இறக்கத்திலும் எழும்பாது.
என் சன்னி ஓடிய தூரம் அதற்கே தெரியாது.
எனக்குத்தான் தெரியும்,
நாற்பது பக்கக் கொப்பியில்.

திகதி, ஊர், போனவர், தூரம்.
டிக்கோயா ஆஸ்பத்திரி, செல்வநாயகி, எட்டு மாதம்.
அட்டன், பாஸ்போர்ட் படம், கமலேஸ்வரியும் தம்பியும்.
கட்டுநாயக்க, அதே கமலேஸ்வரி;
திரும்பும்போது தம்பி மட்டும்.
பொகவந்தலாவை, கட்டில் ஒன்று, கூரைமேல்.

மூவாயிரம் வந்தால் ஒயில் மாற்ற வேண்டும்.
நானே கூட்டுவேன், பென்சிலால்.
சமதரைக்கு ஒன்று,
மேட்டுக்கு ஒன்றரை.
முதல் கியரில் மூச்சிரைத்து ஏறுகிற தூரமும்
கொழும்புப் பக்கம் வழுக்கிப் போகிற தூரமும்
ஒன்றாகுமா?
அன்ஸார் பாஸ் இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.
பிறகு வடிந்த ஒயிலை இரண்டு விரலால் உரசிப் பார்த்து
"கணக்கு சரிதான், மிஸ்" என்றார்.

மிஸ் என்பது பிள்ளைக்காம்பராவில் ஒட்டிய பெயர்.
இருபத்திரண்டு வருடம் தோட்டத்துத் தொட்டில்களை ஆட்டினேன்.
ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்த கிழமை
லயமே கூடி எனக்குக் காணி வாங்கியது,
தோடு வாங்கியது, வங்கியில் போட்டது.
நான் போய் எண்பத்தாறாம் ஆண்டுச் சன்னியை வாங்கினேன்,
கதவு ஒன்று வேறு நிறம்.

ஒரேயொரு முறை தள்ளிப்போட்டேன்.
நாடே வரிசையில் நின்ற வருடம்.
பெட்ரோலுக்கு மூன்று நாள் காத்தவளுக்கு
ஒயில் கேனின் விலை கேட்கத் துணிவில்லை.
இன்னும் ஐந்நூறு ஓடும் என்றேன். ஓடியது.
இன்னும் ஐந்நூறு என்றேன்,
காருக்குக் கேட்காத மாதிரி மெல்ல.

நோர்வுட் தாண்டி ஒரு வளைவில்
சிவப்பு விளக்கு கண்ணைத் திறந்தது.
பின்சீட்டில் நிரஞ்சலா,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி.
எஞ்சினுக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள்.
நிறுத்தினேன்.
மழை. போனில் ஒரு கோடுகூட இல்லை.
டிப்ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில் ஒரு சொட்டு,
தார் மாதிரி, விழ மனமில்லாமல்.

கொழுந்து லொறி வந்தது.
சாக்குகளின்மேல் என் கம்பளியை விரித்தோம்.
ஏறும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.
அவளுடைய மாமியார் பார்த்தாள்.
அந்தப் பார்வைக்குத்தான் இன்னும் கட்டுகிறேன்,
மூவாயிரத்துக்கு ஒருமுறை, நாலு லீட்டர்.

பெண் பிள்ளை. மூன்று கிலோ நூறு.
ஃபெக்டரிக்குக் கொழுந்து பிந்தியதென்று
லொறிக்காரனுக்கு அரை நாள் சம்பளம் வெட்டு.
கொப்பியில் அன்றைக்கு இப்படி இருக்கிறது:
தூரம், பாதி. வாடகை, இல்லை.
அடைக்கலத்துக்கு ஆயிரத்து இருநூறு, கொடுத்தாயிற்று.

இன்று கூட்டினால் இரண்டாயிரத்துத் தொளாயிரத்து எழுபது.
முப்பது மிச்சம் இருக்கிறதே என்று
யாரும் வாய் திறக்க வேண்டாம்.

அன்ஸார் பாஸ் குழிக்குள் இறங்குகிறார்.
போல்ட் கழன்று கறுப்பு ஒழுகுகிறது,
சூடாக, அவசரமில்லாமல்.
செப்பு வொஷர் புதிதா என்கிறேன்.
புதிதுதான்.
காட்டுங்கள் என்கிறேன். காட்டுகிறார்.
பில்டரின் ரப்பர் விளிம்பில் புது ஒயிலைத் தடவும் விரல்
பல் முளைக்கும் ஈறைத் தடவுகிற விரல்தான்;
எனக்குத் தெரியும், எத்தனை ஈறுகள்.

பழையதைக் கேனில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்,
ஆட்டுப்பட்டிக் கால்களுக்குப் பூச. கறையான் அண்டாது.
என் பட்டியின் கால்கள் கறுத்திருப்பது
டிக்கோயாவால், அட்டனால்,
கமலேஸ்வரி இன்னும் திரும்பாத
அந்த நூற்றறுபது கிலோமீட்டரால்.
ஆடுகள் உரசி முதுகில் ஒரு கோடு வாங்கிக்கொள்ளும்.

கொப்பியிலும் ஒரு கோடு. அதன் கீழே பூச்சியம்.
பென்சிலைக் காதில் செருகுமுன் போன்:
மேல் டிவிசன், கோவா ஆறு மூட்டை, தலவாக்கலைக்கு.
"மேடா?" என்று கேட்கிறேன்,
தெரியாதவள் மாதிரி.