சாய்வு

வரைபடத்தில் அது பென்சிலால் சுழித்த ஒரு வட்டம்.
உள்ளே பெயரில்லை, எண் மட்டும்: பதினேழு.
வட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி
ரிக்கை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.
நிறுத்தினோம்.
டேப்பை நான்தான் பிடித்தேன். இருநூற்று மூன்று.
மர்ரி சொன்னான், அந்த மூன்று நம் தர்மம்.

டெல்வீன் யூட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.
தினக்கூலி. மஞ்சள் சட்டை,
முதுகில் 'கண்காணிப்பாளர்'.
'இடத்தின் முக்கியத்துவம், நூறு சொற்களுக்குள்'
என்ற கட்டத்தில்
சொல்வதற்கில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.
போதாது என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது.
மறுபடியும் அதையே எழுதினாள்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

மூன்றாம் நாள் கம்பத்தைச் சாய்த்தோம்,
ஐம்பது பாகை, குன்றைப் பார்த்து.
அவள் இறங்கி வந்தாள்.
ஒரு கண்ணை மூடி
கம்பத்தின் நீட்சியோடு தரைக்குள் போய்
எங்கோ ஓரிடத்தில் நின்றாள்.
இது எங்கே போகிறது?
இம்கே, எங்கள் ஜியாலஜிஸ்ட், நல்லவள்தான்,
வரைபடத்தை பானெட்டில் விரித்தாள்.
பார், வட்டத்தைத் தொடவேயில்லை.
காகிதம் தட்டை.
வட்டத்துக்கு அடி உண்டா என்று
யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை.

முந்நூற்று நாற்பத்தொன்றில்
அனுப்பிய தண்ணீர் திரும்பி வரவில்லை.
பென்டோனைட்டை மூட்டை மூட்டையாகக் கரைத்தோம்.
குழி குடித்துக்கொண்டே இருந்தது,
ஒன்பதாயிரம் லிட்டர்.
மர்ரி தண்டின்மேல் புறங்கையை வைத்தான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
கீழே கல் இல்லை என்றான்.
பின்னே என்ன இருக்கிறது?
நான் கேட்கவில்லை.
ஷிஃப்ட் முடிய நாற்பது நிமிடம் இருந்தது.

பொழுது சாய டெல்வீன்
குன்றின் அந்தப் பக்கம் தனியாகப் போனாள்,
எங்களுக்கு அனுமதியில்லாத பக்கம்.
திரும்பியபோது அவள் வலது கை
மணிக்கட்டுவரை சாம்பல் நிறம், ஈரம் காயாமல்.
எங்கள் தொட்டிச் சேறும் அதே நிறம்தான்,
போகிற வழியில் அதில் கை பட்டிருக்கலாம்
என்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் கேனை நீட்டினேன்.
வாங்கிக் குடித்தாள்.
இடது கையால்.

காலையில் கல் உருளைகளைத்
தட்டில் அடுக்கினேன்.
கல் வராத இடத்தில் ஒரு மரக்கட்டை வைத்து
எவ்வளவு வரவில்லை என்று எழுத வேண்டும்,
அதுதான் முறை.
ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர், இழப்பு.
மார்க்கர் மை காயும்வரை ஊதினேன்.
யூட்டிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்,
என்னையா கட்டையையா என்று தெரியவில்லை.

தட்டுகளை லாரியில் ஏற்றி
பட்டை போட்டு இறுக்கினோம்.
நகரம் நானூறு கிலோமீட்டர்.
கற்கள் அசையவில்லை.
அந்தக் கட்டை மட்டும்
வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தது.