இரண்டாவது உலை

காரணம் என்ற கட்டத்தில்
மூன்று வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.
அதில் அடங்காததை
இங்கே எழுதிவைக்கிறேன்.

ரெம்ஷைட். வெள்ளிக்கிழமை. நவம்பர் மழை.
நாற்பத்து நான்கு துளை அச்சுகள்,
ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்.
முதல் உலை எண்ணூறு டிகிரி.
பார்வைத் துவாரத்தில் ஒரு சிவப்பு,
செம்பருத்தியைத் தாண்டியது, ஆரஞ்சுக்கு வந்து சேராதது.
அதற்குத் தமிழில் பெயர் தேடவில்லை,
எண்ணெய்த் தொட்டி காத்திருந்தது.

உருக்கு என்று பெயர்.
இங்கே அது உருகுவதில்லை.
இளகி, இடம் விட்டு,
கரிக்கு நடுவீட்டில் பாய் போடுகிறது.
எண்ணெயில் இறக்கியதும்
சட்டெனக் கதவைச் சாத்திக்கொள்கிறது.
விருந்தாளியை வெளியே விடாத வீடு
எப்படி விறைத்து நிற்குமோ
அப்படி ஒரு கடினம்.

கை பொறுக்கும் சூடு ஆறுவதற்குள்
இரண்டாவது உலையில் வைக்கவேண்டும்.
நூற்றெண்பது டிகிரி, இரண்டு மணி நேரம்.
கடினத்தில் கொஞ்சம் கொடுத்து
பொறுமையில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.
பதம்.

இரண்டாவது உலையின் கதவு
மூடிய பிறகும் திறந்திருக்கிறேன் என்றது.
மின்காரர் நான்கு மணிக்கே போய்விட்டார்.
"திங்கள் பார்க்கலாம், வதனி" என்றார் எங்கர்ட்.
அவருடைய ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தது.

ஒன்றை எடுத்து வைரக்கூம்பில் அழுத்தினேன்.
அறுபத்து நான்கு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
சோறு சரி என்றது.
பானை பொய் சொன்னதா,
நான் நசுக்கிய விதம்தான் தப்பா,
அதற்கு அறிக்கையில் கட்டமில்லை.

சனி. ஞாயிறு.
சூடேற்றி நிறுத்திய கூடத்தில் ஆறு டிகிரி.
யாரும் தொடாமல், யாரும் தட்டாமல்,
தட்டில் படுத்தபடியே வெடித்திருக்கின்றன.
பத்தொன்பது.
சத்தம் இருந்திருக்கும். சின்னதாக,
சொடக்குப் போட்ட மாதிரி,
ராத்திரி முழுக்க, விட்டு விட்டு.
திங்கள் காலை கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.
சிவப்பு மையைத் தடவித் துடைத்து
வெள்ளைப் பொடி தூவியதும்
விரிசல் விரிசலாக மேலே வந்தது.

இனி, யாரும் கேட்காதது:
வெள்ளி ஐந்தரை மணிக்கு
சாப்பாட்டறை மின்னடுப்பின் முன் நின்றேன்.
குமிழில் இருநூற்றைம்பது வரை எண் இருந்தது.
இரண்டு தட்டு போதும்.
சோற்றுக்கும் இரும்புக்கும் எங்களிடம் ஒரே உலை.
இவர்களிடமும் ரொட்டிக்கும் இரும்புக்கும் ஒரே சொல்தான்.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
போதாக்குறைக்கு, வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று
என் மொழியே என்னிடம் சொன்னது.
விளக்கை அணைத்துவிட்டுப் பஸ் பிடித்தேன்.

காரணம்: கதவு உணர்கருவி பழுது.
கையெழுத்திட்டேன். பொய்யில்லை.

டிசம்பரில் மறுபடி அதே கதவு, இன்னொரு வெள்ளி.
எங்கர்ட்டின் கை கோட்டைத் தேடுமுன்
தட்டுகளோடு நான் படியேறிவிட்டேன்.
கொழுப்புக் கறை பிடித்த கண்ணாடிக்குப் பின்னால்
முப்பத்தாறு அச்சுகள்.
ஏழரை மணிக்கு போகுஸ்லாவ்
தன் கொழுக்கட்டை டப்பாவோடு வந்து நின்றான்.
எவ்வளவு நேரம், என்றான்.
நாற்பது நிமிடம், என்றேன்.
அவன் ஆறியதையே தின்றபடி
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.
பளபளப்பாகத் தீட்டியிருந்த ஒரு முனை மட்டும்
மெல்ல, வெளிறிய வைக்கோல் நிறத்துக்குப் போனது.
"வெந்துவிட்டது" என்றான், வாய் நிறைய.

திங்கள்: அறுபது, அறுபது, ஐம்பத்தொன்பது.
மை தடவியும் ஒன்றும் இல்லை.
சாப்பாட்டறையில் மூன்று நாள் எண்ணெய் நாற்றம்.
அடுப்பின் மேல் ஒரு புது அறிவிப்பு:
உணவுப் பொருள் மட்டும்.
எங்கர்ட்டின் சாய்ந்த எழுத்து.
அதன் அடியில், பென்சிலில், பொடியாக, அதே சாய்வு:
குமிழ் நூற்றெண்பது என்றால்
உள்ளே நூற்றுத்தொண்ணூற்றைந்து.