இருட்டாத வாரம்

ஹெல்கெலாந்து கரையில்
ஜூலை மாத இரவு என்பது
கடிகாரம் சொல்கிற வதந்தி.
பதினொரு மணிக்கும் வெயில்
செம்மறிகளின் முதுகில் காய்ந்துகொண்டிருக்கிறது.
வாடகைக் குடிலில் திரைச்சீலை போதவில்லை;
என் சட்டை இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டாள் குன்வோர்.

அவள் பிள்ளைகள்:
தீரிலுக்கு எட்டு வயது, யோஸ்டைனுக்குப் பன்னிரண்டு.
நான் அவர்களுக்கு என்ன முறை என்று
யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை.
‘ஹமார்க்காரர்’ என்கிறான் பையன்,
தபால்காரர் என்பதைப் போல.

ஹமாரில் மூக்குக்கண்ணாடி விற்கிறவன் நான்.
ஏரி தெரியும். கடல் தெரியாது.
புறப்படும் முன்
தீக்கல், திசைகாட்டி, பதினேழு வேலை செய்யும் கத்தி
எல்லாம் வாங்கி, விலைச்சீட்டைக் கிள்ளி எறிந்து,
கொல்லை மண்ணில் கொஞ்சம் புரட்டிப்
பழசாக்கியும் வைத்தேன்.

முதல் நாள் படகைக் கட்டினேன்.
யோஸ்டைன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.
வீட்டுக்கு வழி தெரிந்த நாய் மாதிரி
அவன் விரல்களுக்கிடையே கயிறு போய்த் திரும்பியது.
“எங்க படகை இப்படித்தான் கட்டுவோம்.”

எங்க.
அந்தச் சொல்லுக்குள் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.
பெர்கனில் இருக்கிறார்.
மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த நாள் ஆலாக்கள்.
கூழாங்கல்லோடு கூழாங்கல்லாய்க் குஞ்சு கிடப்பது தெரியாமல்
காலெடுத்து வைத்தேன்;
வானம் கத்திக்கொண்டு என்மேல் இறங்கியது.
துருவம் விட்டுத் துருவம் போகிற பறவை
நடுவே என் வழுக்கைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தது.
துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் தீரில்:
“உயரமா இருக்கறதைத்தான் கொத்தும்.
தலைக்கு மேல பிடி.
நான் கால் வைக்கிற இடத்துல மட்டும் கால் வை.”
துடுப்பு கொத்து வாங்க வாங்கப் போனோம்,
மிகச் சிறிய ஊர்வலமாய்.

தீக்கல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.
என் பொறிகள் அழகாக இருந்தன.
பிர்ச் பட்டையை நகத்தால் சுரண்டி,
ஓதம் ஏறி வந்து தானே அணைக்கும் இடமாகப் பார்த்து,
ஒரே உரசலில் பற்றவைத்தவள் குன்வோர்.
பிறகு பெருந்தன்மையோடு
புகை இருந்த பக்கம் எனக்கு இடம் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள்தான்
என் தூண்டில் கனத்தது.
முழங்கை நீளக் காட் மீன்,
தாடையில் ஒற்றை மீசை, பாசி நிறத்தில் புள்ளிகள்.
பாறையில் கிடத்தி, கட்டையை ஓங்கியவன்
அப்படியே நின்றேன்.
அதனிடம் ஏதோ சொன்னேன் போலிருக்கிறது.
“மன்னிப்புக் கேட்டது போதும்” என்றான் யோஸ்டைன்.
“நீங்க காத்திருக்கற நேரம்தான் அதுக்கு வலிக்கும்.”

அடித்தேன்.
செவுளடியில் அவன் காட்டிய இடத்தில் கீறினேன்.
என் கை நடுங்கியதை அவன் பார்த்தான்,
பார்க்காதது மாதிரி
கடலைப் பார்த்தான்.

போன் எடுக்கக் குடிலுக்குப் போனேன்.
ஒரு படம். ஹமாரில் கடைச் சுவரில் மாட்ட.

திரும்பும்போது
கடற்பாசிக் கும்பலை விலக்கிக்கொண்டு
நனைந்த மீசையோடு வந்தது நீர்நாய்.
அவசரமே இல்லை அதற்கு;
சந்தையில் பணம் கொடுத்து வாங்கியது போல
கவ்வி, ஒருமுறை பிடியை மாற்றி,
இறங்கிவிட்டது.

“ஐயோ, நம்ம மீன்! நம்ம மீனைக் கொண்டுபோகுது!”
வழுக்குப் பாறையில் வெறுங்காலோடு ஓடினான்,
விழுந்தான், எழுந்தான்,
சிரிப்பில் மறுபடி விழுந்தான்.
தீரில் கைதட்டினாள்
நீர்நாய்க்கு.

போனில் இருப்பது
வெறும் பாறை, கொஞ்சம் ரத்தம்,
ஓரத்தில் மங்கலாக ஒரு பையனின் குதிகால்.

இரவுச் சாப்பாடு உருளைக்கிழங்கு மட்டும்.
ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்.
எதிர்த் திட்டில், வெயிலில்,
முள் நொறுங்கும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.
“வாலையும் விடலை பாரு” என்றான் யோஸ்டைன்,
உப்பை என் பக்கம் தள்ளியபடி.