வெட்டிய அளவுநாடா

நிக்கனோரின் அளவுநாடாவைக் கேளாமல் வெட்டினேன்.
எஃகு, ஐந்து மீட்டர், மஞ்சள்.
துண்டுகளைப் பிளாஸ்டிக் குழாயில் பூட்டி
கையில் தூக்கினால் ஆன்டெனா.
காற்றில் வளையும், முறியாது.
அவன் இப்போது பலகையைச்
சாண் வைத்து அளக்கிறான்.
என்னோடு பேசுவதில்லை.

போர்வெனீர் துறையில்
கடைசிப் படகுக்குச் சீட்டுக் கிழித்த கையோடு
கொட்டகைக்குப் பின்னால் வந்து நிற்கிறேன்.
ஆட்டுவேலி, துருப்பிடித்த தகரம், எதிரே ஜலசந்தி.
எட்டுப் பதினேழுக்கு
வடக்கே உதிக்கும் என்கிறது கணக்கு.

அதன் பாட்டரி செத்து வெகுகாலம்.
பூமியின் நிழலுக்குள் போனால் பிணம்.
வெயில் பட்டால் எழுந்து
யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லும்.
நேற்றுச் சொன்னது நினைவிருக்காது.
இப்படி ஒருவரோடு
சண்டையில்லாமல் குடித்தனம் செய்யலாம்.

முதல் நாள்
வானத்தின் தவறான பாதியைப் பார்த்து நின்றேன்.
இரண்டாம் நாள் வெறும் இரைச்சல்.
வேலிக்கு அப்பாலிருந்து மரீட்சா,
"காட்டுவாத்தை விரட்டுகிறாயா?" என்றாள்.
மூன்றாம் நாள் மணிக்கட்டைச் சற்றே திருப்பினேன்,
இருட்டில் பூட்டுக்குள் சாவி இடம் தேடுவதுபோல.
இரைச்சலுக்கு அடியில்
என் சொல்லோடு சொல்லாக
மூக்கடைத்த ஒருத்தி பேசினாள்.
நிறுத்தினேன்.
அவளும் நிறுத்தினாள்.

அப்புறம்தான் தெரிந்தது,
அது ஓடுகிற வேகத்தில் சுருதி இறங்கிக்கொண்டே போகும்,
குமிழைத் திருகித் துரத்த வேண்டும்.
ஒரு கை ஆன்டெனாவுக்கு, ஒரு கை குமிழுக்கு.
பென்சில் பல்லிடுக்கில்.
எண் கேட்டால் பென்சிலைக் கடித்தபடியே சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் நாள் ஒருவன் பதில் சொன்னான்.
லிசாந்த்ரோ. ஐம்பத்தொன்பது. எஃப் டி ஐம்பத்தைந்து.
நானும்: எர்சிலியா. ஐம்பத்தொன்பது. எஃப் டி நாற்பத்தாறு.
வானிலை விசாரிக்க வாய் திறந்தேன்.
நிழல் விழுங்கிவிட்டது, பாதிச் சொல்லில்.

கட்டத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன்.
உசுவாயா. இதே தீவின் மறுகோடி.
நடுவே பனிமலை, பிறகு எல்லைச் சாவடி.
போன ஜனவரியில் அங்கிருந்து திரும்பும்போது
என் மூன்று ஆப்பிள்களைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
இன்று ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மேலே ஏறி
அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறேன்.
யாரும் பையைத் திறக்கவில்லை.

ஜன்னல் திறந்தது.
ஒன்பது நாளில் முதல் முறையாக நிக்கனோர்,
"எதுவரைக்கும் போச்சு?"

"உசுவாயா."

"அது பக்கம்தானே" என்று
சாத்திக்கொண்டான்.