தராசு எந்தத் துறையில்

வார்டோவில் ஜனவரி.
காலை பதினொன்றுக்கும் தெருவிளக்கு அணையவில்லை.
ராத்திரிக் காற்றில் மின்சாரம் மூன்று முறை போய் வந்தது.
போய் வந்த ஒவ்வொரு முறையும்
மீன் ஏலக்கூடத்துக் கணினி
தன் முதுகில் செருகியிருந்தவற்றுக்கெல்லாம்
புதிதாக எண் போட்டது.

நேற்றுவரை தராசு மூன்றாம் துறையில்.
இன்று மூன்றில் ஈ காக்கை இல்லை.
"ஐந்தாக இருக்கும் ரைடுன், ஐந்தைப் போடு" என்றார் ஊட்முண்ட்.
போன புதன்கிழமை ஐந்தாக இருந்ததாம்.
போட்டேன்.
நாற்பத்தொரு பெட்டி காட் மீனும் ஒரே எடை:
எழுபது புள்ளி இருபத்திரண்டு கிலோ.
படகுக்காரர் அஸ்பியோர்னுக்கு மறுப்பே இல்லை.
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு
எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குத்தான் எங்கோ பார்த்த எண்ணாகப் பட்டது.
எழுபது பாகை, இருபத்திரண்டு கலை.
எங்கள் ஊரின் அட்சரேகை.
கூரைமேல் இருக்கும் இடங்காட்டிக் கருவி
மீன் நிறுத்துக்கொண்டிருந்தது.

துறை என்றால் வெளியே இருப்பதுதான் துறை.
அங்கே எந்தப் படகு எங்கே நின்றாலும்
மூக்கில் பெயர் எழுதியிருக்கும்.
உள்ளே, கணினியின் துறைகளில்
எண் மட்டும்.
அதுவும் நாளைக்கு இருக்காது.

ஆகவே எண்ணை நம்பாத நிரல் ஒன்று எழுதினேன்,
காபி ஆறுவதற்குள்.
ஒவ்வொரு துறையாகத் திற.
கேள்.
அரை நொடி காத்திரு.
பேசினால் குரலை அடையாளம் பார்.
பேசாவிட்டால் அடுத்த கதவு,
முந்தையதைச் சாத்திவிட்டு.
தராசுக்குப் புரியும் கட்டளை இரண்டே எழுத்து.
அதை மட்டும் அனுப்பியிருக்கலாம்.
தூக்கக் கலக்கம், முன்னால் ஒரு வரி சேர்த்தேன்:
நீ யார்?

ஒன்று, மூச்சுப் பேச்சில்லை.
இரண்டு திறக்கவே மறுத்தது,
வேறெந்த நிரலோ உள்ளே போய்த் தாழ் போட்டிருக்கிறது.
நான்கில் குப்பை எழுத்துகள்,
வாய் நிறைய ரொட்டியோடு பேசுகிறவன் மாதிரி.
வேகத்தைப் பாதியாக்கி மறுபடி கேட்டேன்.
மைனஸ் இருபத்தொன்று, என்றது தெளிவாக.
உறைகிடங்கின் வெப்பமானி.
பாவம், இத்தனை நாள் யாரும் அதன் வேகத்தில் கேட்டதில்லை.
ஐந்தை எனக்குத் தெரியும்.
ஆறு, பதில் இல்லை.
ஏழாவதில்,
கேட்டு முடிப்பதற்குள்:
நிலையாக இருக்கிறேன். சுமை பூஜ்யம். கிலோ.

ஊட்முண்ட் தட்டில் ஒரு பெட்டியை வைத்தார்.
இருபத்தாறு புள்ளி நான்கு.
அஸ்பியோர்ன் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார்.
நாற்பத்தொன்றையும் திரும்ப நிறுத்தோம்.

மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி.
கிர்கெனெஸிலிருந்து ஹெர்டிஸ்,
எங்களிடம் வாடிக்கையாக வாங்கும் உணவகக்காரி.
"லாரி வந்தது. எல்லாம் சரி.
ஒரு பெட்டியில் மட்டும் எடையும் இல்லை, விலையும் இல்லை.
நீ யார் என்று ஒட்டியிருக்கிறீர்கள்."

ஆறாம் துறையில் இருந்தது சீட்டு அச்சிடும் இயந்திரம்.
அதற்குப் பேசத் தெரியாது.
சொன்னதை அச்சடிக்கத்தான் தெரியும்.
அச்சடித்து நீட்டிய சீட்டை
ரிமாந்தஸ் கிழித்து, வரிசையில் அடுத்த பெட்டியில் ஒட்டியிருக்கிறான்.
லிதுவேனியாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
வெளியே வரும் சீட்டையெல்லாம் ஒட்டு என்றுதான்
முதல் நாள் அவனிடம் சொன்னோம்.

ஹெர்டிஸிடம் என்ன சொல்வதென்று
நான் தேடிக்கொண்டிருக்க,
மறுமுனையில் மூடி திறக்கும் சத்தம்,
ஐஸ் சரியும் சத்தம்.
"ஹாலிபட்" என்றாள்.
"ஒற்றை மீன். பெரியது.
இரு, தூக்கிப் பார்க்கிறேன்... முப்பத்திரண்டு கிலோ இருக்கும்."

நன்றி சொல்லி எழுதிக்கொண்டேன்.

அச்சு இயந்திரத்தை இனிக் கேட்காதே என்று
நிரலில் ஒரு வரி சேர்த்தாயிற்று.
காத்திருக்கும் நேரத்தை மாற்றவில்லை.
அரை நொடியேதான்.