கப்பல் வர ஏழு நிமிடம்

அந்த விளையாட்டில் ஒரு துறைமுகம் இருந்தது.
கப்பல் வர ஏழு நிமிடம்.
விட்டால் இன்னொரு ஏழு.
மரப்பலகையில் நின்றுகொண்டு வேறென்ன செய்வது,
பேசினோம்.

என் பெயர் டூரிட்டா. ஃபாரோ தீவுகளில்,
கிளாக்ஸ்விக் மீன் ஆலையில்
காட் மீனுக்கு முள் எடுக்கிறேன்.
பத்து மணிக்குக் கையுறையைக் கழற்றி
கவுச்சி போகாத விரல்களோடு கணினிமுன் உட்கார்ந்தால்
நான் வைத்தியச்சி.
விழுந்தவர்களை எழுப்பி விடுகிறவள்.

ஈரச்சாக்கு என்றொரு வீரன்.
நிஜத்தில் போலந்துக்காரன், லாரி ஓட்டுபவன்,
நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு வருவான்.
ஒரு நவம்பரில் வீட்டிலிருந்தே வந்தான்.
கப்பலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
'வீடு காலியாக இருக்கிறது' என்று தட்டினான்.
கொஞ்சம் கழித்து,
'பூனையையும் கொண்டுபோய்விட்டாள்.'
கப்பல் வந்தது. போனது.
அன்றிரவு நான்கு கப்பல்கள் போயின.
பதினோரு பேரில் ஒருவர்கூட ஏறவில்லை.
யாரோ சட்டையைக் கழற்றிவிட்டுப் பீப்பாய்மேல் ஏறி
விடியும்வரை ஆடிக்கொண்டிருந்தான்,
ஆறுதல் சொல்லத் தெரியாதவன்.

இன்னொருத்தன், டிராகன் செத்த அன்று
எல்லோருக்கும் பொதுவான மோதிரத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்.
மூன்று வாரம் எந்தக் குழுவும் அவனை அண்டவிடவில்லை.
பெயர் அப்படி நாறிப்போயிருந்தது.
கடைசியில் அதே பலகையில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டான்.
பதினைந்து வயதாம்.
கணக்கில் தோற்ற ஆத்திரமாம்.
என் பழைய கேடயத்தை அவனுக்குக் கொடுத்தேன்,
இரண்டு நாளில் அதையும் விற்றுவிட்டான்,
அது வேறு கதை.

பிறகு பொத்தான் வந்தது.
அழுத்தினால் பதினோரு நொடி,
குகைக்குள் நிற்கலாம்,
முன்பின் தெரியாத நால்வரோடு.
ஒருவன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பான்.
அவன் பின்னால் எல்லோரும்.
சண்டை முடிந்ததும் மெழுகுவர்த்தி அணைந்த மாதிரி
ஒவ்வொருவராக இல்லாமல் போவார்கள்.
நன்றி என்று நான் தட்டி முடிப்பதற்குள்
நன்றி வாங்க ஆளிருக்காது.
ஒருமுறை ஓட்டுப்போட்டு என்னை வெளியே தள்ளினார்கள்.
காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.
யாரிடம் போய்ச் சொல்வேன்?
அவர்கள் பெயரைக் கெடுக்கவும் ஓர் ஊர் வேண்டாமா?

ஒன்றை மறைக்க மாட்டேன்.
பொத்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.
காலை ஐந்துக்கு ஷிப்ட். ஏழு நிமிடம் பெரிய காசு.

எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவில்
கடலுக்கடியில் சாலை போட்டபோதும் கைதட்டினேன்.
கடைசிப் படகில் காபி விற்ற ஹோக்னி
மிச்சச் சில்லறையை என் உள்ளங்கையில் எண்ணி வைத்து,
'இனி எல்லோரும் சீக்கிரம் போய்ச் சேருவீர்கள்' என்றான்.
வாழ்த்தினானா சபித்தானா
என்று இன்றுவரை தெரியவில்லை.

நேற்று அந்தத் துறைமுகத்துக்கு நடந்தே போனேன்.
கப்பலை யாரும் நிறுத்தவில்லை.
ஏழு நிமிடத்துக்கொரு முறை வருகிறது,
மணி அடிக்கிறது,
யாரையும் இறக்காமல் யாரையும் ஏற்றாமல் கிளம்புகிறது.
பலகையில் ஓர் உருவம்.
ஓடினேன். வணக்கம் என்றேன்.
பதிலில்லை.
குனிந்து கடற்பாசி எடுத்தது, ஆறடி நடந்தது,
திரும்பியது, குனிந்தது.
யாரோ காசுக்காக ஏவிவிட்ட இயந்திரக் கை.

இருந்தாலும் சொன்னேன்.
இன்று கத்தி நழுவியது, கட்டைவிரலில் மூன்று தையல்,
மேற்பார்வையாளர் முதலில் மீனைத்தான் பார்த்தார்.
ஈரச்சாக்கு எங்கே இருக்கிறானோ,
அவன் நிஜப் பெயரை நான் கேட்டதே இல்லை.

அதன் வழியில் நிற்கிறேன் போலிருக்கிறது.
வந்து என்மேல் முட்டியது.
காலை வீசி வீசி
நின்ற இடத்திலேயே நடந்தது.
கப்பல் மணி அடித்தது.

நான் விலகவில்லை.