முதல் படிவம்

தேர்வில் அறுபத்தெட்டு.
சான்றிதழுக்கு அம்மா சட்டம் போட்டாள்.
அலுவலகம் மஞ்சக்குப்பத்தில், மாடியில்;
கீழே பரோட்டாக் கடை.
எனக்கு ஒதுக்கிய பகுதி முதுநகர்.

வேறு ஏதாவது கேட்டிருக்கலாம்.
முதுநகரில்தான் அப்பா
தீபாவளிச் சீட்டு நடத்தினார்,
ஒரு தீபாவளிக்கு நாலு நாள் முன்பு
காணாமல் போனார்.

ஃபிலோமினா தையலகம்.
மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்:
'அசல் போகுமா?'
சந்தை அபாயத்துக்கு உட்பட்டது என்பதை
மூச்சு விடாமல் சொல்லப்
பழக்கியிருந்தார் மேலாளர்.
'போகலாம்' என்றேன்,
மெதுவாக, இரண்டு முறை.

தையல் நின்றது.
'உங்கப்பன் போகாதுன்னான்.'

தெரிந்திருக்கிறது.
பேனா கையிலேயே வியர்த்தது.
வெளியே ஐஸ் லாரி ஒன்று
சொட்டிக்கொண்டே துறைமுகம் போனது.

பட்டன் டப்பாவுக்கு அடியிலிருந்து
ஆதார் அட்டையை எடுத்தாள்.
'மாசம் ஐநூறு. ஏழாந்தேதிக்கு மேல.
போச்சுன்னா நீ வந்து சொல்லணும்.
போன்ல இல்ல, நேர்ல.'

அப்பாவின் நோட்டில்
அவள் முப்பத்தொன்றாவது பெயர்,
எதிரே பதினோராயிரம்.

திரும்பும்போது
கட்டணமில்லாப் பயணச்சீட்டின் பின்புறம்
கணக்குப் போட்டேன்:
முதல் வருஷக் கமிஷன்
இருபத்தாறு ரூபாய் சொச்சம்.